மணி அடித்தால் உளியைக் கீழே வை
கைவினைப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், அச்சு வருவதற்கு முன் ஐரோப்பிய மடங்களில் நூல்களைக் கையால் படியெடுத்த முறையைப் பற்றி எழுதியிருந்தேன். புனித பெனடிக்டின் விதிநூலைப் பின்பற்றி வாழும் பெனடிக்டின் துறவிகளுக்கு அதில் கிடைத்தது இரண்டே பத்தி. வந்த கடிதங்களோ பெரும்பாலும் அந்த இரண்டு பத்தியைப் பிடித்துக்கொண்டுதான் கேள்வி கேட்கின்றன. ஆகவே இந்த முறை பக்கம் முழுவதும் அவர்களுக்கே.

துறவு என்றால் எல்லாவற்றையும் விட்டுவிடுவது. கடவுளைத் தேடி மடத்துக்குப் போனவர்களுக்குத் தச்சும் நெசவும் எதற்கு?
– ஒரு கல்லூரி மாணவி

எல்லாவற்றையும் விட்டுவிடலாம். வயிற்றையும் பகல் பொழுதையும் விட முடியாதே!

புனித பெனடிக்டைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஆசீர்வாதப்பர் என்று வணங்குகிறார்கள். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியின் மோந்தே கசீனோ மலைமேல் வாழ்ந்தபடி தம் சீடர்களுக்காக அவர் எழுதிய விதிநூல், ஒரு முன்னுரையும் 73 அதிகாரங்களும் கொண்ட சிறிய நூல். அதன் 48ஆம் அதிகாரம், சோம்பல் ஆன்மாவின் பகை என்று தொடங்குகிறது. நாளை மூன்றாகப் பகுக்கிறார்: வழிபாடு, வாசிப்பு, கையுழைப்பு. நம் முன்னோர்களையும் திருத்தூதர்களையும் போலத் தம் கையால் உழைத்து வாழும்போதுதான் இவர்கள் உண்மையில் துறவிகள் என்கிறார். தானமாக வருவதைத் தின்றுகொண்டு ஊர் ஊராகத் திரியும் துறவிகளை அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காது. முதல் அதிகாரத்திலேயே அவர்களைச் சாடிவிடுகிறார்.

அதோடு, மடத்துக்கு வேண்டியதெல்லாம் மதிலுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்கிறது 66ஆம் அதிகாரம். தண்ணீர், மாவு ஆலை, தோட்டம், பலவகைத் தொழில்கள் எல்லாமே உள்ளே. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரையப்பட்ட ஒரு மடத்தின் வரைபடம் சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் நூலகத்தில் இன்றும் இருக்கிறது. ஐந்து தோல்களைச் சேர்த்துத் தைத்து அதன்மேல் வரைந்தது. தேவாலயத்தையும் தோட்டத்தையும் மட்டுமா வரைந்திருக்கிறார்கள்? செருப்புத் தைப்பவர், சேணம் செய்பவர், கடைசல்காரர், பொற்கொல்லர், இரும்புக் கொல்லர், வாள் தீட்டுபவர் என்று ஒவ்வொருவருக்கும் அதில் தனி இடம் குறித்திருக்கிறது.

உடல் நலிந்தவர்களையும் அவர் மறக்கவில்லை. சும்மாவும் இருக்கக்கூடாது, பாரம் தாங்காமல் ஓடிவிடவும் கூடாது. அப்படிப்பட்ட வேலையோ கைத்தொழிலோ அவர்களுக்குக் கொடுங்கள் என்று அதே 48ஆம் அதிகாரத்தில் எழுதிவைத்திருக்கிறார். எனக்கு அந்த வரி மிகவும் பிடிக்கும்.

மணி அடித்ததும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எழ வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். தறியில் உட்கார்ந்தவனுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவருமா?
– நெசவுத் தொழில் செய்யும் வாசகர்

ஐயா, நான் பதில் எழுத மிகவும் விரும்பிய கேள்வி உங்களுடையதுதான்.

வழிபாட்டு நேரத்துக்கான ஓசை காதில் விழுந்த உடனே, கையில் எது இருந்தாலும் அதை விட்டுவிட்டு, விரைந்து வர வேண்டும் என்கிறது 43ஆம் அதிகாரம். கடவுளின் பணிக்கு முன்னால் எதையும் வைக்கக்கூடாது என்பது அடுத்த வரி. பகலில் ஏழு முறை, இரவில் ஒரு முறை வழிபாடு. சற்று நிதானமான வேலையில் இருப்பவனுக்கே இது இடைஞ்சல். ஓர் எழுத்தின் வளைவில் இறகுப் பேனா பாதி தூரம் போயிருக்கும்போது மணி அடித்தால்? பெனடிக்டுக்கு முன்பே, தாம் கண்ட துறவிகளைப் பற்றி எழுதிய காசியான் என்பவர் அதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்: எழுதிக்கொண்டிருந்தவன் தொடங்கிய எழுத்தைக்கூட முடிக்காமல் எழுந்துவிடுவான்.

நான் புத்தகக் கட்டு வேலையிலேயே காலத்தைக் கழித்தவள். முதன்முதலில் இதைப் படித்தபோது, நீங்கள் கேட்ட அதே கேள்விதான் எனக்கும் வந்தது. பைண்டிங் வேலையில் எந்த நேரத்திலும் நிறுத்தக்கூடிய கட்டமும் உண்டு, நிறுத்தவே முடியாத கட்டமும் உண்டு. மடித்த தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைக்கிறோமே, அந்தத் தையலை எந்த மடிப்போடும் நிறுத்தலாம். ஊசியை நூலோடு செருகி வைத்துவிட்டுப் போனால், நாளைக்கு வந்தும் தொடரலாம். ஆனால் மேலுறைத் தோலின் உட்புறம் பசை தடவியாகிவிட்டால் கதையே வேறு. தோல் ஈரத்தில் இளகி இருக்கும்போதே அட்டைமேல் இழுத்துப் போர்த்தி, ஓரங்களை உள்ளே மடித்து, முதுகில் உள்ள முடிச்சுகளின்மேல் விரலால் அழுத்தி வடிவம் கொண்டுவர வேண்டும். மூலையில் தோலைச் சின்னச் சின்னச் சுருக்கங்களாக மடித்து எலும்புத் தகட்டால் தேய்த்து அமுக்குவோம். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் என் தலை நிமிராது. நடுவில் விட்டால் தோல் காய்ந்து சுருங்கி விறைத்துப்போகும்.

அப்படியானால் மடத்துக் கட்டுநர் என்ன செய்திருப்பார்? வேலையின் வரிசையை மாற்றியிருப்பார் என்பதுதான் என் முடிவு. மணிக்கு முன்னால் தையல், வழிபாடு முடிந்து வந்ததும் பசை. ஊற வேண்டியது ஊறுவதற்கும், காய வேண்டியது காய்வதற்கும் அந்த வழிபாட்டு நேரம். அழுத்துப் பலகைக்குள் நூலை வைத்து இறுக்கிவிட்டால் அதன்பின் மனிதனுக்கு அங்கே வேலையில்லை, அவன் போய்ப் பாடலாம். இப்படிப் பார்க்கத் தொடங்கிய பிறகு, எந்தெந்தத் தொழில்கள் மடங்களில் நன்றாக வேரூன்றின என்பது எனக்குத் தெளிவாகப் புரிந்தது. தோல் பதப்படுத்துதல், மை காய்ச்சுதல், எழுத்து, தையல், மரச் செதுக்கல் எல்லாமே காத்திருப்பு நிறைந்தவை, அல்லது எந்த வெட்டோடும் நிறுத்தக்கூடியவை.

உலை வைத்துச் செய்யும் வேலை அப்படியல்ல. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தியோஃபிலுஸ் என்ற பெயரில் எழுதிய ஒரு துறவியின் கைவினைக் குறிப்பு நூல் நமக்குக் கிடைத்திருக்கிறது. முதல் பகுதி ஓவியம், இரண்டாவது கண்ணாடி, மூன்றாவது உலோகம். அதில் கண்ணாடிக்கு, பீச் மரச் சாம்பல் இரண்டு பங்கும் சுத்தமான மணல் ஒரு பங்கும் கலந்து, ஓர் இரவும் ஒரு பகலும் உலையில் கிளறி வறுக்கச் சொல்கிறார். இரவும் பகலும் கிளறுபவன் எந்த மணிக்கு எழுந்து ஓடுவான்? விதிநூலில் இன்னோர் அதிகாரம் இருக்கிறது, 50ஆவது. தொலைவில் வேலையில் இருப்பதால் கோவிலுக்கு வர இயலாதவர்கள், வேலை செய்யும் இடத்திலேயே மண்டியிட்டு வழிபாட்டை முடித்துக்கொள்ளலாம். அது வயல்வெளிக்காக எழுதிய சலுகை. உலைக்காரர்களுக்கும் மடத்தலைவர்கள் இதே சலுகையைக் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

வேலையில் மூழ்கிப்போவதைப் பெரிய பேறாகப் பேசுகிறோம். நானும் அதில் மூழ்கியவள்தான், அதன் சுகம் எனக்குத் தெரியும். ஆனால் மூழ்கியவன் தன் வேலையின் கோணலைப் பார்க்க மாட்டான். எழுந்து போய்விட்டுத் திரும்பி வந்து உட்காரும்போது முதலில் கண்ணில் படுவது அந்தக் கோணல்தான். உங்கள் தறியிலும் அப்படித்தானே ஐயா?

மையும் எழுதும் தோலும் எப்படிச் செய்தார்கள்? மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.
– ஒரு பள்ளி ஆசிரியர்

தோலை முதலில் சொல்கிறேன். கன்று, ஆடு, செம்மறி ஆகியவற்றின் தோலைச் சுண்ணாம்பு நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, மயிரை வழித்து, ஒரு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுவார்கள். சாதாரணமாகக் கட்டினால் கயிறு தோலைக் கிழித்துவிடும். அதனால் தோலின் ஓரத்தில் ஒரு கூழாங்கல்லை வைத்து, தோலோடு சேர்த்து அதைச் சுருட்டி, அந்தக் குமிழைச் சுற்றிக் கயிற்றைக் கட்டுவார்கள். கயிற்றின் மறுமுனை சட்டத்தில் உள்ள முளையில். தோல் காயக் காய முளையைத் திருகி இறுக்குவார்கள். இறுகிய தோலைப் பிறை வடிவக் கத்தியால் சுரண்டுவார்கள். கத்தி பிறை வடிவில் இருப்பதற்குக் காரணம் உண்டு: அதற்குக் கூர்மூலை கிடையாது, எனவே விறைத்த தோலில் குத்திக் கிழிக்காது.

மயிர் இருந்த பக்கம் சற்று மஞ்சளாக, புள்ளி புள்ளியாக இருக்கும். சதைப் பக்கம் வெண்மையாக இருக்கும். நூலைத் திறந்தால் எதிரெதிரே ஒரே நிறப் பக்கங்கள் வரும்படி அடுக்குவார்கள். இங்கிலாந்தின் வடகோடியில் வெர்மத், ஜாரோ என்ற இரட்டை மடங்களில் 716க்கு முன் எழுதி முடித்த ஒரு முழு விவிலியம் இன்று ஃபுளோரன்ஸ் நகர நூலகத்தில் இருக்கிறது. எடை சுமார் 34 கிலோ. ஐந்நூறுக்கு மேற்பட்ட கன்றுகளின் தோல் அதற்குத் தேவைப்பட்டது. அத்தனை தோலையும் சுரண்டிய கைகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

மையில் இரண்டு வகை. ஒன்று, மாசிக்காயை நசுக்கி ஊறவைத்த நீரில் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் கருவேலம் பிசினும் சேர்ப்பது. எழுதும்போது வெளிறி இருக்கும், காற்றுப் பட்டதும் கறுத்துவிடும். பிசின் எதற்கு என்றால், மை வழிந்து ஓடாமல் பேனா முனையில் நிற்பதற்கு.

இன்னொன்று தியோஃபிலுஸ் சொல்லும் முள்மர மை. இலையும் பூவும் விடுவதற்கு முன் முள்மரக் கிளைகளை வெட்டி, கட்டுக் கட்டாக நிழலில் சில வாரம் காயவிட வேண்டும். மரச் சுத்தியலால் தட்டிப் பட்டையை உரித்து, எட்டு நாள் தண்ணீரில் போட வேண்டும். அந்தச் சாற்றைக் காய்ச்சிக் காய்ச்சிக் குறுக்கி, திராட்சை ரசம் சேர்த்து மீண்டும் காய்ச்சி, வெயிலில் உலர்த்திக் கட்டியாக்கிவிடலாம். வேண்டும்போது ஒரு துண்டை எடுத்து, ரசத்தோடு கனலின்மேல் வைத்துக் கரைத்துக்கொள்ள வேண்டியதுதான். கொஞ்சம் எழுதி, மீதியைக் கட்டியாகவே வைத்துக்கொள்ளலாம். அடிக்கடி எழுந்து போக வேண்டியவர்களுக்கு ஏற்ற மை!

தொழிலில் கர்வம் வந்தால் அந்தத் தொழிலையே பறித்துவிடச் சொல்கிறதாம் அவர்கள் விதி. ஒரு கலைஞனுக்கு இதைவிடக் கொடிய தண்டனை உண்டா?
– ஒரு மரச் சிற்பி

கொடிய தண்டனைதான். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

நீங்கள் குறிப்பிடுவது 57ஆம் அதிகாரம். மடத்தில் கைவினைஞர்கள் இருந்தால், மடத்தலைவரின் அனுமதியோடு முழுத் தாழ்மையுடன் தொழிலைச் செய்யட்டும் என்று தொடங்குகிறது. தன் திறமையால் மடத்துக்கு ஏதோ பெரிதாகச் சேர்த்துவிட்டதாக ஒருவன் மிதப்பாக இருந்தால், அந்தத் தொழிலிலிருந்து அவனை எடுத்துவிட வேண்டும். அவன் தணிந்த பிறகு தலைவர் மீண்டும் அனுமதிக்கலாம். திரும்பி வர வழி இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பலர் அந்தக் கடைசி வரியைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள்.

எந்தக் கர்வத்தை அவர் கண்டிக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். "இந்த இணைப்பு நன்றாக அமைந்துவிட்டது" என்று தச்சனுக்கு வரும் மகிழ்ச்சி குற்றம் என்று எங்கும் சொல்லவில்லை. "என்னால்தான் இந்த மடம் நடக்கிறது" என்ற நினைப்பைத்தான் சொல்கிறார். பொற்கொல்லன் செய்த சிலுவையைப் பார்க்க ஆயர்கள் (பிஷப்புகள்) வருவார்கள், கொடை குவியும். அதே வாரம் சமையல் முறை வந்தவன் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பான். இருவரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும். கூடி வாழும் இடத்தில் வரும்படியை வைத்து ஆளை அளக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பது ஒரு கூட்டுப் பட்டறையில் வேலை செய்த எவருக்கும் தெரியும்.

எனக்கு வியப்பாக இருப்பது வேறொன்று. கைவினைஞனிடம் இவ்வளவு கண்டிப்பு காட்டும் அதே நூல், கருவியைப் பேசும்போது எவ்வளவு உயரத்தில் வைக்கிறது! மடத்தின் எல்லாப் பாத்திரங்களையும் பொருள்களையும், பலிபீடத்தின் புனிதப் பாத்திரங்களைப் போலக் கருத வேண்டும் என்று பண்டகப் பொறுப்பாளருக்கு 31ஆம் அதிகாரம் சொல்கிறது. மண்வெட்டிக்கும் அதே மரியாதை, இழைப்புளிக்கும் அதே மரியாதை. அடுத்த அதிகாரத்தில், மடத்தலைவர் கருவிகளுக்குப் பட்டியல் வைத்திருக்க வேண்டும். யாரிடம் எது போயிற்று, எது திரும்பியது என்று தெரிய வேண்டும். அழுக்காகவோ அலட்சியமாகவோ வைத்திருப்பவனைக் கண்டிக்க வேண்டும். வேலை செய்யும்போது எதையாவது உடைத்தால், பிறர் சொல்லித் தெரிவதற்கு முன் தானே வந்து எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட வேண்டும் என்கிறது 46ஆம் அதிகாரம். உளி உங்களுடையது இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். உங்களுக்கு முன் ஒருவர் தீட்டியது, உங்களுக்குப் பின் வருபவருக்குக் கூர் குறையாமல் கொடுக்க வேண்டியது.

பெயர்கள் அழிந்துவிடவும் இல்லை. சாங்க்ட் காலனில் தந்தத்தில் செதுக்கிய தூவோட்டிலோவை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் பெயர் சொல்லிப் பேசுகிறோம். மோந்தே ஒலிவேத்தோ மடத்தில் 1503 முதல் 1505 வரை பாடகர் இருக்கைகளைச் செய்த ஃபிரா ஜொவான்னி, நிறம் நிறமான மரச் சீவல்களை ஒன்றோடொன்று பொருத்தியே தெருக்களையும் திறந்த அலமாரிகளையும் ஆழம் தெரியும்படி காட்டியிருக்கிறார். மரத்தின் நிறத்தை மாற்ற, சாயத்தில் வேகவைத்த சீவல்களைப் பயன்படுத்தினார். நீங்கள் மரச் சிற்பி என்பதால் சொல்கிறேன், அவற்றின் படங்களைத் தேடிப் பாருங்கள், உங்கள் கண் அதைவிட்டு எளிதில் நகராது. தியோஃபிலுஸ்கூட, சுமார் 1100இல் பாடர்போர்ன் பேராலயத்துக்காகச் சிறிய கையடக்கப் பீடம் செய்த ரோஜர் என்ற துறவிப் பொற்கொல்லராக இருக்கலாம் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அவர் தம்மைத் துறவி என்ற பெயருக்கே தகுதியற்றவன் என்று அறிமுகம் செய்துகொண்டு, பிறகு தெரிந்த நுணுக்கம் அத்தனையையும் ஒளிக்காமல் எழுதிவைக்கிறார்.

ஓர் இடத்தில் மட்டும் எனக்கு மனம் ஒப்பவில்லை. யாருக்குக் கர்வம், யார் தணிந்துவிட்டார் என்பதை முடிவு செய்வது மடத்தலைவர் ஒருவரே. நல்ல தலைவர் வாய்த்தால் சரி. பொறாமைக்காரர் வாய்த்தால் ஒரு நல்ல கை வீணாகும். தலைவர் தம் தீர்ப்புகளுக்கெல்லாம் கடவுளிடம் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று நூல் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. ஆனால் தொழிலை இழந்தவனுக்கு அது போதுமா?

எல்லாம் ஆண்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். பெண் துறவிகள் கைவேலை செய்யவில்லையா?
– பூத்தையல் பயிற்றுவிக்கும் வாசகி

செய்தார்கள் அம்மா. 2019இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஜெர்மனியின் டால்ஹைம் என்ற ஊரில் பெண் துறவிகள் மடம் ஒன்றின் இடுகாட்டில் புதைக்கப்பட்டிருந்த, சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணின் பல் காரையை ஆராய்ந்தார்கள். அதற்குள் நீலத் துகள்கள்! லேபிஸ் லசூலி என்ற கல்லின் தூள் அது. அந்தக் காலத்தில் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த, பொன்னுக்கு நிகராகப் போற்றப்பட்ட நிறம். ஓவியத் தூரிகையின் முனையை நாக்கால் நனைத்துக் கூராக்கியபோது பல்லில் ஒட்டியிருக்கலாம் என்பதே ஆய்வாளர்கள் அதிகம் நம்பும் விளக்கம். அவ்வளவு விலையுயர்ந்த நிறத்தைப் பழகாத கையில் கொடுத்திருக்க மாட்டார்கள். அவர் வரைந்த ஏடு எதுவும் கிடைக்கவில்லை, பெயரும் தெரியாது.

இன்னொன்றை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டின் பெனடிக்டின் துறவி புனித ஹில்டகார்ட், தாம் கண்ட காட்சிகளை 'ஸ்கிவியாஸ்' என்ற நூலாக எழுதினார். அவர் காலத்தை ஒட்டியே உருவான ஓவியப் பிரதி ஒன்று வீஸ்பாடன் நூலகத்தில் இருந்தது. அதில் 35 ஓவியங்கள். ஐபிங்கன் ஊரில் உள்ள புனித ஹில்டகார்ட் மடத்துக் கன்னியர், 1927 முதல் 1933 வரை உட்கார்ந்து, அந்த நூல் முழுவதையும் தோல் ஏட்டில் கையாலேயே படியெடுத்தார்கள். எழுத்துக்கு எழுத்து, நிறத்துக்கு நிறம். அப்போதே புகைப்படக் கருவி இருக்கிறதே, இந்தப் பாடு எதற்கு என்று யாராவது கேட்டிருப்பார்கள். போர் வந்தது. பாதுகாப்புக்காக மூலப் பிரதியை டிரெஸ்டனுக்கு அனுப்பினார்கள். 1945இல் அது காணாமல் போனது, இன்றுவரை கிடைக்கவில்லை. மூலத்தை எடுத்த புகைப்படங்கள் கறுப்பு வெள்ளை. அந்த ஓவியங்களின் நிறம் என்னவென்று இன்று உலகத்துக்குத் தெரிவது அந்தக் கன்னியரின் கைகளால்தான்.

இங்கிலாந்தின் ஸ்டான்புரூக் மடத்துக் கன்னியர் 1876இலேயே சொந்த அச்சகம் தொடங்கினார்கள். 1956இல் டேம் ஹில்டலித் கமிங் பொறுப்பேற்ற பிறகு, கையால் எழுத்துக் கோத்து, கையால் செய்த தாளில் அச்சிட்ட அவர்களுடைய நூல்களை அச்சுக்கலை அறிந்தவர்கள் தேடித் தேடி வாங்கினார்கள்.

மடத்தில் செய்த பொருள்களை, வெளியில் விற்பதைவிடக் குறைந்த விலைக்கு விற்கச் சொன்னாராமே பெனடிக்ட்? கைத்தொழிலை நம்பிக் குடும்பம் நடத்துபவர்கள் வயிற்றில் அடிப்பது ஆகாதா?
– கைவினைஞர் கூட்டுறவு ஒன்றின் செயலாளர்

நியாயமான கோபம். விதியில் இருப்பது இதுதான்: விற்பனையில் எந்த வஞ்சகமும் கூடாது, விலையில் பேராசை நுழையக்கூடாது, உலகத்தார் விற்பதைவிடச் சற்றுக் குறைத்தே கொடுக்க வேண்டும், எல்லாவற்றிலும் கடவுள் மகிமை பெறும்படி. விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூலில், நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பகுதியை மறைத்து உயிரிழந்த அனனியா, சப்பிரா கதையை நினைவூட்டி எச்சரிக்கிறார். அவர் பயந்தது மடம் பணக்கார வியாபாரியாகிவிடுமோ என்றுதான்.

ஆனால் நீங்கள் சொல்வதும் உண்மை. துறவிக்குக் கூலி இல்லை, பிள்ளைகளின் படிப்புச் செலவு இல்லை. அவர் விலையைக் குறைத்தால் அடுத்த தெருக் கைவினைஞரால் ஈடுகொடுக்க முடியாது. பக்கத்தில் அதே பொருளைச் செய்து பிழைப்பவர் இருந்தால் அந்த மடம் வேறு பொருளுக்குப் போவதுதான் முறை என்பேன்.

இதன் மறுபக்கமும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் புனித சூசையப்பர் மடம் இருக்கிறது. இறந்த தம் சகோதரர்களுக்கு எளிய மரச் சவப்பெட்டிகளைத் துறவிகளே செய்துவந்தார்கள். 2005இன் கத்ரீனா புயலில், மடத்துக்கு வருமானம் தந்த மரங்கள் அழிந்தன. 2007இல் சவப்பெட்டிகளை வெளியாருக்கும் விற்கத் தொடங்கினார்கள், 1,500 டாலர், 2,000 டாலர் என்று. உரிமம் பெற்ற ஈமச்சடங்கு நிலையங்கள் தவிர வேறு யாரும் அங்கே சவப்பெட்டி விற்கக்கூடாது என்று சட்டம். மாநில வாரியம் தடுத்தது. உரிமம் வேண்டுமானால் சவத்தைப் பதப்படுத்தும் அறையெல்லாம் கட்ட வேண்டும். ஒரு மரப்பெட்டியை விற்பதற்கு! துறவிகள் வழக்குத் தொடுத்தார்கள். 2013இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் வாரியத்தின் மனுவை ஏற்கவில்லை. இங்கே குறைந்த விலையால் பாதிக்கப்பட்டது கைவினைஞர் யாருமில்லை. துயரத்தில் இருக்கும் குடும்பத்திடம் கூடுதல் விலை வாங்கிய ஏற்பாடுதான் பாதிக்கப்பட்டது.

"ஜெபி, உழை" என்ற வாசகம் விதிநூலில் எந்த அதிகாரத்தில் வருகிறது?

எந்த அதிகாரத்திலும் வரவில்லை. பிற்காலத்தவர் சுருக்கிச் சொன்ன வாசகம் அது. சுருக்கியதில் வாசிப்பு விடுபட்டுப்போனது எனக்கு வருத்தம்தான்.

இன்றும் இந்த வேலைகள் நடக்கின்றனவா? இல்லை, எல்லாம் பழங்கதையா?
– ஓய்வு பெற்ற அரசு ஊழியர்

நடக்கின்றன. செனகலில் கேர் மூசா மடம் இருக்கிறது. பிரான்ஸின் சொலேம் மடத்திலிருந்து வந்தவர்கள் 1960களின் தொடக்கத்தில் நிறுவியது. சுரைக்குடுக்கையைப் பாதியாக வெட்டி, மாட்டுத்தோல் போர்த்தி, 21 தந்திகள் கட்டிய கோரா என்ற மேற்கு ஆப்பிரிக்க இசைக்கருவியைத் துறவிகள் தங்கள் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். கோராவின் தந்திகளை வழக்கமாகக் கழுத்தில் உள்ள தோல் வளையங்களைத் தள்ளித்தான் சுருதி சேர்க்க வேண்டும். பிடிவாதமான வளையங்கள் அவை. துறவிகள் தங்கள் பட்டறையில் அதற்குப் பதிலாகத் திருகு முளைகளைப் பொருத்தினார்கள். சுருதி நிலைத்தது, திருப்பாடல்களோடு சேர்ந்து ஒலிக்க அது உதவியது.

இங்கிலாந்தின் பக்ஃபாஸ்ட் மடத்துக் கோவிலைத் துறவிகளே 1907இல் தொடங்கி 1938 வரை கட்டினார்கள். ஒரே நேரத்தில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் நான்கே பேர், ஆறைத் தாண்டியதில்லை. பிறகு அதே மடத்தைச் சேர்ந்த சார்லஸ் நாரிஸ் என்ற துறவி தடித்த வண்ணக் கண்ணாடிக் கட்டிகளை உடைத்துப் பதித்துப் பெரிய சன்னல்களைச் செய்தார். பிரான்ஸின் ஆன்கால்கா மடத்துத் துறவி தோம் ரொபேர் 1997இல் காலமாகும்வரை திரைச்சீலைகளுக்கு வடிவம் வரைந்தார். சேவல், பட்டாம்பூச்சி, புல்வெளி. முழு அளவில் கோடுகளாக வரைந்து, நிறத்துக்குப் பதில் கம்பளி நூலின் எண்ணைக் குறித்துக் கொடுப்பார். ஒபுசோன் நகர நெசவாளர்கள் நெய்வார்கள்.

நான் துறவி இல்லை, வீட்டில் கைவேலை செய்பவள். இவர்களிடமிருந்து நான் எதை எடுத்துக்கொள்ளலாம்?

கருவிகளுக்கு ஒரு பட்டியல் எழுதுங்கள், கத்தரிக்கோல் முதல் ஊசி வரை. வேலை முடிந்ததும் துடைத்து, அதைப் பார்த்து எடுத்து வையுங்கள். வேலையை நிறுத்த ஒரு நேரத்தை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், விட்டுவிட்டுப் போகக்கூடிய கட்டத்துக்கு மாறிவிடுங்கள். உடலுக்கு முடியாத நாளில் சும்மா இருந்துவிடாமல் எளிதான ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்; நூல் சுற்றுவது, பொத்தான் பிரிப்பது போதும்.

தோல் ஏட்டில் எழுதும்போது ஒரு வரியே விட்டுப்போனால்? பக்கத்தைத் தூக்கி எறிந்துவிடுவார்களா?
– அதே பள்ளி ஆசிரியர்

எறிய மனம் வருமா, ஒரு கன்றின் தோல் அல்லவா! ஓரிரு எழுத்துப் பிழை என்றால் சிறு கத்தியால் சுரண்டிவிட்டு மேலே எழுதலாம். முழு வரி விடுபட்டால் ஓரத்திலோ அடியிலோ எழுதி, எங்கே சேர வேண்டும் என்று குறி போடுவார்கள்.

நம் காலத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டாவில் உள்ள பெனடிக்டின் மடமான செயின்ட் ஜான்ஸ், தன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, ஒரு முழு விவிலியத்தை இறகுப் பேனாவால் கன்றுத்தோலில் எழுதித் தரும்படி 1998இல் டொனால்ட் ஜாக்சன் என்ற எழுத்துக்கலைஞரிடம் ஒப்படைத்தது. வேல்ஸ் நாட்டில் அவர் தலைமையில் ஒரு குழு எழுதி, 2011இல் முடித்தது. ஞான நூல்கள் அடங்கிய பகுதியில் ஒருவர் ஒரு வரியை விட்டுவிட்டார். பக்கத்தின் அடியில் அந்த வரியை எழுதி, ஒரு கயிற்றில் கட்டி, கப்பியின் வழியாக அதைச் சரியான இடத்துக்கு இழுத்துத் தூக்கும் ஒரு தேனீயை வரைந்துவிட்டார்கள். மாணவர்களுக்கு அந்தப் படத்தைக் காட்டுங்கள்.